ஒரு நெல்மணி தூரம்

என்னை யாரும் அமெரிக்காவுக்குக் கூப்பிடவில்லை. என் விசிலைத்தான் கூப்பிட்டார்கள். நான் அதோடு ஒட்டிக்கொண்டு போனேன்.

கோபிசெட்டிபாளையத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடம் வாலிபால் ரெஃப்ரி. நியூ ஜெர்சியில் நம் பையன்கள் நடத்தும் வாலிபால் போட்டியில் இரண்டு வருடமாக ஃபைனல் அன்று கைகலப்பாம். "உள்ளூர் ஆளு விசில் ஊதுனா எவனும் கேக்க மாட்டேங்கறான் சார். நீங்க வந்து நின்னீங்கன்னாத்தான் அடங்குவானுங்க" என்று என் பழைய மாணவன் முருகேசன் ஃபோன் செய்தான். கையோடு டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். அது ஒய்டூகே வருடம். புது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி நம் பிள்ளைகளைக் கூடை கூடையாக அங்கே இறக்கியிருந்தார்கள். சேர்ந்து இருந்தால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

எடிசனில் முருகேசனும் இன்னும் நான்கு பையன்களும் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரு ரைஸ் குக்கர், ஒரு கார். நாற்காலி என்ற ஒன்றை வாங்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் நின்றுகொண்டே கார்ன்ஃப்ளேக்ஸைப் பாலோடு குடித்துவிட்டு ஓடினார்கள்.

ஓக் ட்ரீ ரோட்டில் நடந்தால் கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதி மாதிரியேதான் இருக்கிறது, வெயில் மட்டும்தான் இல்லை. பட்டுப்புடவைக் கடைக்குப் பக்கத்திலேயே குக்கர் கேஸ்கெட் விற்கிறார்கள். ஒரு கடையில் மசால் தோசை வாங்கினேன். முழங்கை நீளம். சாம்பாரை வாயில் வைத்தால் இனிக்கிறது. "குஜராத்திக்காரங்க கடை சார், கொஞ்சம் ஸ்வீட்டாத்தான் இருக்கும்" என்றான் முருகேசன். கொஞ்சமா? பாயசத்தில் முருங்கைக்காய் போட்டது போல இருந்தது.

ஒருநாள் தனியாக மன்ஹாட்டன் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ரயில் மாறி ஏறிவிட்டேன். எடிசனில் நிற்காத வண்டி. நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, எடிசன் ஸ்டேஷன் அது பாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. கண்டக்டர் பெரியவர், நல்ல மனிதர். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுங்க. அந்த வண்டியில கேட்டா தூங்கிட்டேன்னு சொல்லுங்க, விட்டுருவாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். எதிர் வண்டியில் கேட்டார்கள். நான்தான் தூங்கவே இல்லையே. "தப்பான வண்டியில ஏறிட்டேன்" என்றேன். புது டிக்கெட் வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன சார் கொறஞ்சு போயிரும்?"

போட்டி ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் நடந்தது. கால் இறுதியில் ஒருத்தன் தாவி அடித்தபோது சட்டைக்கை வலையில் உரசியது. ஊதினேன். அவன் சத்தியம் பண்ணினான். அவனுடைய அணி மொத்தமும் சத்தியம் பண்ணியது. யாரோ ஒருவர் ஹேண்டிகேமில் படம் பிடித்திருந்தார். தீப்பெட்டி அளவு திரையில் பத்துப் பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். உரசியது தெரிந்தது. அப்போதும் அந்தப் பையன் வெட்கப்படவில்லை. "நீங்க பாக்கலைன்னா அது எங்க பாயிண்ட்டுதானே சார்?" என்றான். நான் கோபப்படவும் இல்லை. முப்பது வருடமாக இதைத்தான் கேட்கிறேன். பார்ப்பது ரெஃப்ரி வேலை, மறைப்பது ஆடுகிறவன் வேலை. உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைகலப்பு இல்லாமல் ஃபைனல் முடிந்தது. எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். மறுநாள் டெக்சாஸுக்குக் கிளம்பினேன்.

டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் என் தம்பி செந்தில் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். விமான நிலையத்தில் அவனைப் பார்த்ததும் என் கண் அவன் கையில்தான் போய் நின்றது. வலது கை கன்னங்கரேலென்று இருக்கிறது, இடது கை மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்துக் கிடக்கிறது. ஏதோ தோல் வியாதி, ஊருக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டான் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் மெதுவாகக் கேட்டேன். "அய்ய, அது கிளவுஸுண்ணா. கோல்ஃப் ஆடறவங்க இடது கைக்கு மட்டும் கிளவுஸ் போடுவோம். அந்தக் கை வெயில்ல கறுக்காது" என்று சிரித்தான். தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்க அழுதவன், வெயிலில் புல் மைதானத்தில் நடந்து நடந்து கறுத்திருக்கிறான்.

வீட்டுக்குப் போனால் அடுத்த செய்தி. மாடியில் எனக்கென்று சொல்லியிருந்த அறையில் வேறொருத்தர் இருந்தார். எனக்கு ஹாலில் சோபா.

செந்திலின் மனைவி மாலதி காபியோடு வந்து நின்றாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. இவுரு போன மாசமே வாக்குக் குடுத்துட்டாரு. அவரு வெள்ளிக்கெழம முடிஞ்சதும் கெளம்பீருவாரு." இதில் நான் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கூடப் பிறந்த அண்ணனுக்குச் சோபா, யாரோ வெள்ளைக்காரனுக்குக் கட்டில். நன்றாகவே கோபித்துக்கொண்டேன். இரண்டாவது காபி வரும்வரை பேசவில்லை.

விஷயம் இதுதான். கோல்ஃபில் டிவியில் வருகிறவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களுக்குக் கீழே, அந்த இடத்துக்கு வரத் துடிக்கும் ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஊர் ஊராக அலைகிறார்கள். ஓட்டலுக்குக் கொடுக்க முடியாதவர்களை அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கமாம். கிளப்பில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். செந்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டான். அதோடு விடவில்லை. அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க நான்கு நாள் லீவும் போட்டிருந்தான். பை தூக்குகிறவருக்குப் பெயர் கேடி. எங்கள் குடும்பத்தில் முதல் கேடி என் தம்பிதான்.

வந்திருந்தவர் பெயர் கிளென். நாற்பது வயது. நல்ல உயரம், கொஞ்சம் கூன், பிடரியெல்லாம் வெயிலில் வெந்து சுருங்கியிருந்தது. காலையில் மாலதி வைத்த இட்லியைப் பார்த்தார். மேசையில் பான்கேக்குக்கு வைத்திருந்த பாகை எடுத்து அதன்மேல் ஊற்றிச் சாப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் நாள் மாலதி பாட்டிலை ஒளித்துவிட்டு மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைத்து வைத்தாள். ஏழு இட்லி சாப்பிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

போட்டிக்கு முந்தின நாள் எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப் போனார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை, உள்ளே புகை. அங்கே இறைச்சியை எடை போட்டுக் காகிதத்தில் கொடுக்கிறார்கள். தட்டு கிடையாது. இருந்தது எல்லாம் மாட்டிறைச்சி. நான் அது சாப்பிடுவதில்லை என்றதும் கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப இங்க எதுக்கய்யா வந்தீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. வெங்காயம், ஊறுகாய்போட்ட வெள்ளரிக்காய், நான்கு துண்டு ரொட்டி, இதுதான் என் விருந்து. கிளென் எழுந்து போய் எனக்காக ஒரு வேகவைத்த சோளக்கதிர் வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பந்துகளில் பச்சைப் பேனாவால் புள்ளி வைத்தார். பந்துக்கு மூன்று புள்ளி, முக்கோணமாக. எதற்கு என்று கேட்டேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூட மைதானத்து ஆங்கிலம். அவர் அதற்குத் தகுந்தபடி மெதுவாகப் பேசினார். "எல்லாப் பந்தும் ஒரே மாதிரி இருக்கும். என் பந்து எதுவென்று எனக்குத் தெரிய வேண்டும், இல்லையா?"

புள்ளி வைத்துக்கொண்டே கதை சொன்னார். அப்பா கிழக்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் மைதானத்தில் புல் வெட்டுகிறவர். அவர் மெஷின் ஓட்டும்போது பின்னாலேயே போய்த் தொலைந்த பந்துகளைப் பொறுக்குவாராம் இவர். கல்லூரியில் கோல்ஃபுக்காகவே சேர்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். பெரிய போட்டிகளில் ஆட ஒரு கார்டு வேண்டும். அதைத் தகுதிச் சுற்றில் ஆடித்தான் வாங்க வேண்டும். நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை வாங்கினார். சரியாக ஆடாவிட்டால் வருடக் கடைசியில் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினார்கள். மணிலா, பாங்காக், கல்கத்தா என்று அலைந்தார். மறுபடி கார்டு வாங்கினார். நியூ ஜெர்சி பக்கம் ஒரு போட்டியில் மூன்று நாள் முதலிடம். நான்காம் நாள் காற்று திரும்பியது, இவரும் கீழே போனார். அதுதான் அவருடைய வாழ்க்கையில் உச்சம். அப்புறம் முதுகு வலி. அப்புறம் வேனிலேயே படுத்து எழுந்து சின்னச் சின்னப் போட்டிகள்.

"இதுவே கடைசித் தடவை. மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருடமாக இவருக்காகக் காத்திருக்கிறார். இங்கே நடக்கும் தகுதிச் சுற்றில் தேறினால் அடுத்து கலிஃபோர்னியாவில் கடைசிச் சுற்று, அதிலும் தேறினால் கார்டு. தேறாவிட்டால் ஜனவரியிலிருந்து மச்சானுடைய கடையில் புல் வெட்டும் மெஷின் விற்கும் வேலை.

"நம்ம வீட்லயும் கார்டுக்குத்தான் மாமா காத்துட்டிருக்கோம்" என்றாள் மாலதி. அவர்களுடைய கிரீன் கார்டு மனு மூன்று வருடமாக எங்கேயோ கிடந்தது.

நானும் டெக்சாஸ் முடிந்ததும் கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். அதைச் சொன்னதும் கிளென் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அங்கேயும் பார்ப்போம்." கல்கத்தாவில் ஆடும்போது பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க மட்டுமே முன்னால் ஓடுகிற ஒரு ஆள் உண்டாம். ஆகேவாலா என்று சொல்வார்களாம். அவருக்கு வாய்த்த ஆகேவாலா பருந்துக் கண்காரராம். "இங்கே யாரும் அப்படிக் கிடையாது. நீங்கள் வருகிறீர்களா, என் ஆகேவாலாவாக?" என்று சிரித்தார். சோபாவில் படுத்து முதுகு பிடித்திருந்தாலும் வருகிறேன் என்றேன்.

முதல் நாள் போனதும் நான் தேடியது ரெஃப்ரியை. அவ்வளவு பெரிய மைதானம், கோபியிலிருந்து பாரியூர் போகிற தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது. ஒரு விசில் சத்தம் இல்லை. பார்க்க வந்தவர்கள் என்று என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம்.

"ரெஃப்ரி எங்கடா?"

"கூட யாரும் வர மாட்டாங்கண்ணா. ரூல் சந்தேகம் வந்தா கூப்பிட்டா பேட்டரி வண்டியில வருவாங்க."

"அப்ப தப்பு பண்ணினா யாரு பாக்கறது?"

"அவங்கவங்களேதான் சொல்லிக்கணும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாரோ மட்டையை ஓங்கிக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோவில்பாளையத்தில் ஒரு கபடி ஆட்டத்தில், பாடிப்போனவன் தொட்டானா இல்லையா என்று மூன்று மணி நேரம் வழக்கு நடந்து, கடைசியில் போலீஸ் வந்தது. அங்கே போய் அவனவனே சொல்லிக்கொள்ளுங்கள் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் நாள் என் முழங்கால் மக்கர் பண்ணியது. போட்டி அலுவலர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் சின்ன பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவர் இறங்கி யாரோடோ பேசப் போனபோது நான் காலை நீட்டினேன். கால் எதன்மேல் பட்டதோ, வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் போய்ப் புதரில் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு முழங்கால் வலி தானாகச் சரியாகிவிட்டது.

கிளென் முதல் நாள் சுமாராகவும் இரண்டாம் நாள் நன்றாகவும் மூன்றாம் நாள் மிக நன்றாகவும் ஆடினார். கிளப் வாசலில் பெரிய பலகையில் ஒருவர் கொட்டை எழுத்தில் பெயர்களை எழுதுவார். நாளுக்குப் பதினெட்டுக் குழி, குறைந்த அடியில் பந்தைப் போட்டவர் மேலே. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் கலிஃபோர்னியாவுக்கு, கீழே இருப்பவர்கள் வீட்டுக்கு. மூன்றாம் நாள் முடிவில் கிளென் கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர்.

வெள்ளிக்கிழமை காற்று அடித்தது. செந்தில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதினாறாவது குழிக்கு வந்தபோது என் காதோரம் வந்து, "இப்படியே முடிச்சா உள்ள வந்துருவாருண்ணா. ஒரு அடி கூடினாக்கூடச் சிரமம்" என்றான். கிளென் அடித்த பந்தைக் காற்று வலது பக்கம் தள்ளிக்கொண்டு போய் மரங்களுக்குள் போட்டது. எல்லோரும் எங்கே எங்கே என்று தேட, நான் நேராகப் போய் நின்றேன். வாலிபால் ரெஃப்ரி பந்தைக் கண்ணைவிட்டு விடமாட்டான். சருகுகளுக்கு நடுவே வெள்ளையாகக் கிடந்தது. மேலே பார்த்தபடி மூன்று பச்சைப் புள்ளிகள்.

"ஆகேவாலா!" என்று கிளென் என் தோளில் தட்டினார். செந்தில் பையை வைத்துவிட்டு, குழி எவ்வளவு தூரம் என்று பார்க்க மரங்களைத் தாண்டி முன்னால் போனான். கிளெனோடு கூட ஆடிய பையன் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தான். அங்கே இருந்தது கிளென், நான், பந்து.

அவர் குனிந்து பந்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த குச்சியை எடுத்தார். அதை எடுக்க விதி அனுமதிக்கிறது. குச்சி விலகியதும் பந்து அசைந்தது. ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றால் தப்பில்லையாம், இடம் மாறினால் ஒரு அடி அபராதமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேலே பார்த்துக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிகள் இப்போது பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

கிளென் குச்சியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பந்து நகர்ந்ததா?"

விதி தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். அந்த முகமும் தெரியும். ஏதோ பெரிதாகக் கைவிட்டுப் போகப்போகிறது என்பதும் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நானும்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

"நகர்ந்தது" என்றேன்.

"திரும்பி வந்ததா?"

"இல்லை."

அவர் குச்சியைக் கீழே போட்டார். கையை உயரத் தூக்கி, கூட ஆடிய பையனைக் கூப்பிட்டார். அலுவலர் பேட்டரி வண்டியில் வந்தார், நான் புதரில் விட்ட அதே வண்டி. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று என்னிடம் கேட்டார். நெல்மணி என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நெல் நிற்கிற அளவுக்குப் பிரித்துக் காட்டினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். பந்தைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். ஒரு அடி சேர்ந்தது.

அப்போதுதான் செந்தில் திரும்பி வந்தான். என்ன நடந்தது என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

மிச்சக் குழிகளைக் கிளென் ஒரு தவறும் இல்லாமல் ஆடி முடித்தார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஸ்கோர் கார்டை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். பலகைக்காரர் அவருடைய பெயரை எழுதினார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, முதல் பெயர். ஒரே ஒரு அடி.

காரில் நானும் செந்திலும் மட்டும். கிளென் தன் வேனில் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். ஃப்ரீவேயில் ஏறியதும் அவன் கேட்டான்.

"உங்களுக்குக் கோல்ஃப்னா என்னன்னே தெரியாதுல்லண்ணா?"

"தெரியாது."

"அப்ப தெரியலைன்னு சொல்லீருக்கலாமில்ல? அது பொய்கூட இல்லியே. தெரியலைங்கன்னு ஒரு வார்த்தை."

"நான் பாத்தன்டா."

"பாத்தீங்க. முப்பது வருசமாப் பாத்துட்டேதான் இருக்கீங்க. ஊர்ல எத்தன பேருக்கு உங்களக் கண்டா ஆகாதுன்னு தெரியுமா? பதினெட்டு வருசம்ணா. பதினெட்டு வருசம் அந்த மனுசன் வேன்ல படுத்து எந்திரிச்சிருக்காரு." அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பா செத்தபோதுகூட என் முன்னால் அவன் அழுததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

கிளென் இருட்டுவதற்கு முன் வந்துவிட்டார். சமையலறைச் சுவர் ஃபோனில் மனைவியைக் கூப்பிட்டார். நாங்கள் ஹாலில் இருந்தோம். அவர் பேசியது மட்டும் கேட்டது. "இல்லை... ஒன்று. ஆமாம், ஒன்றுதான்... நன்றாகத்தான் ஆடினேன்... அழாதே... உன் தம்பியிடம் சொல்லிவிடு, ஜனவரியில் வருகிறேன் என்று." மாலதி ரசம் சாதம் பிசைந்து கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற மாதிரி. அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

செந்தில் எனக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டான். கிளென் தலையை ஆட்டி மறுத்தார். "உன் அண்ணன் சரியாகத்தான் சொன்னார். கையைத் தூக்கியது நான்தான்." அதோடு மாடிக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் செந்திலுடைய கோபம் திசை திரும்பிவிட்டது. நண்பர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டான். "யாருமே பாக்கலடா. எங்கண்ணனுக்கு ரூலே தெரியாது. அவரு நெனச்சிருந்தா அப்படியே அடிச்சிட்டுப் போயிருக்கலாம். தானாக் கையத் தூக்கினாருடா! கார்டே போனாலும் பரவாயில்லைன்னு!" ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவருவதைச் சோபாவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கிளென் கிளம்பினார். செந்தில் குளித்துக்கொண்டிருந்தான். மட்டைப் பையை வேனில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன். நல்ல கனம். கதவைச் சாத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பந்து நகர்ந்ததை நானும் பார்த்தேன்."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நன்றாகவே பார்த்தேன். உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது. என்மேல் பிரியமாக வேறு இருந்தீர்கள். இல்லை என்று சொல்வீர்கள் என்று நினைத்துத்தான் கேட்டேன். சொல்லியிருந்தால் அப்படியே அடித்திருப்பேன்." அவர் தன் வெளுத்த இடது கையைப் பார்த்துக்கொண்டார். "இத்தனை வருடத்தில் வேறு யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை."

கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு வேனில் ஏறிப் போய்விட்டார்.

ஈரத்தலையோடு செந்தில் ஓடிவந்தபோது வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது மறையும்வரை கையை ஆட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். முந்தின நாளைக்கப்புறம் அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"போகும்போது ஏதாச்சும் சொன்னாராண்ணா?"

"ஒண்ணும் சொல்லலடா. மாலதி வெச்ச ரசம் நல்லா இருந்துச்சாம்."

"பாத்தீங்களா? இவ்வளவு நடந்தும் வாயத் தொறந்து ஒண்ணு சொல்லல. அதாண்ணா மனுசன்."

"ஆமாண்டா" என்றேன்.

அன்று மத்தியானம் கலிஃபோர்னியாவுக்கு நான் மட்டும் விமானம் ஏறினேன். பார்த்தும் ஊதாமல் விட்ட விசில் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இதைப் படிக்கும்போதுதான் செந்திலுக்கே தெரியும்.